வீட்லி ஏன் துரோகம் செய்தான்?



காந்தம் இரும்பை ஏன் இழுக்கிறது, வானம் ஏன் நீலமாகத் தோன்றுகிறது என்பன போன்ற கேள்விகளுக்கு விடை தேடுவது நமக்குப் பழக்கமான செயல். இம்மாதம் சற்று வேறுபட்ட கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவன் தன் தோழிக்குத் துரோகம் செய்கிறான். அவன் ஏன் அப்படிச் செய்தான்?

"இதற்கும் அறிவியலுக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைக் கொண்டு உய்த்துணர்வதே அறிவியலின் பெரும்பணி. எலெக்ட்ரானை யாரும் கண்ணால் கண்டதில்லை. அது விட்டுச் செல்லும் தடத்தைத்தான் காண்கிறோம். பிறர் மனத்தில் உள்ள நோக்கத்தையும் நாம் கண்ணால் காண்பதில்லை. அவர்களுடைய சொல்லையும் செயலையுமே காண்கிறோம். அப்படியானால், எலெக்ட்ரானைப் பற்றி முடிவு செய்யும்போது நாம் காட்டும் கவனத்தை, ஒரு நண்பனைப் பற்றி முடிவு செய்யும்போதும் காட்ட வேண்டாமா?

நாம் ஆராயப்போகும் துரோகம் உண்மை வாழ்வில் நடந்ததன்று. ஒரு கணினி விளையாட்டில் வருவது. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி ஒரே முறைதான் நடக்கிறது. பிறகு அவரவர் நினைவே சாட்சி. நினைவோ நமக்குச் சாதகமாக வளைந்து கொடுக்கும் இயல்புடையது. விளையாட்டில் வரும் காட்சியை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம். எல்லோரும் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் வசதி இங்கும் நமக்குக் கிடைக்கிறது.

(இனி வரும் பகுதியில் கதையின் முடிவும் சொல்லப்படுகிறது. விளையாடிப் பார்த்தே தெரிந்துகொள்ள விரும்புவோர், விளையாடிவிட்டு வந்து படிக்கலாம்.)

கதை இதுதான்

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் 'போர்ட்டல்' என்ற விளையாட்டையும், 2011ஆம் ஆண்டில் அதன் தொடர்ச்சியான 'போர்ட்டல் 2' என்பதையும் வெளியிட்டது. சுவரில் இரண்டு வாயில்களைத் திறக்கும் ஒரு கருவிதான் இவ்விளையாட்டின் உயிர். ஒரு வாயிலில் நுழைந்தால் மற்றதன் வழியே வெளிவரலாம். எந்த வேகத்தில் நுழைகிறோமோ அதே வேகத்தில் வெளிவருவோம். திசை மட்டும் மாறும். உயரத்திலிருந்து தரையில் உள்ள வாயிலில் விழுந்தால், சுவரில் உள்ள வாயிலிலிருந்து கிடைமட்டமாகப் பாய்ந்து ஒரு பள்ளத்தைத் தாண்டிவிடலாம். 2012ஆம் ஆண்டில் பள்ளி ஆசிரியர்கள் இதைப் பாடத்திற்குப் பயன்படுத்தத் தனியே ஏற்பாடும் செய்யப்பட்டது.

கதையின் நாயகி செல் என்னும் பெண். அப்பர்ச்சர் சயன்ஸ் என்ற மாபெரும் நிலத்தடி ஆய்வு நிலையத்தில் அவள் நெடுங்காலம் உறக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறாள். அவளை எழுப்புபவன் வீட்லி. அவன் மனிதன் அல்லன். நீல நிறக் கண் ஒன்று பொருத்திய, உருண்டை வடிவான சிறு இயந்திரம். கூரையில் உள்ள தண்டவாளத்தில் ஓடியபடி ஓயாமல் பேசுவான். இருவரும் சேர்ந்து தப்பிக்க முயல்கிறார்கள்.

அவர்களுக்குத் தடையாக இருப்பவள் கிளாடோஸ். அந்நிலையம் முழுவதையும் ஆட்டிவைக்கும் இயந்திர அறிவு அவள். நாயகியை முடிவில்லாத சோதனைகளுக்கு உட்படுத்துவதே அவளுடைய வேலை. இறுதியில், வீட்லியும் நாயகியும் கிளாடோஸின் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்கிறார்கள். நிலையத்தின் மைய உடலிலிருந்து கிளாடோஸ் நீக்கப்பட்டு, அந்த இடத்தில் வீட்லி பொருத்தப்படுகிறான். நேற்றுவரை தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டிருந்த பந்து, இன்று நிலையத்தின் அதிபதி!

இனி நாயகி லிஃப்டில் ஏறி வெளியேற வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் வீட்லி மாறுகிறான். அவளை விடாமல் நிறுத்தி, ஏசி, முடிவில் அவள் ஆழமான பாதாளத்தில் விழக் காரணமாகிறான். பின்னர் அவளைக் கொல்லவும் முயல்கிறான்.

ஐந்து கருதுகோள்கள்

விளையாடியவர்கள் இதைப் பற்றி வாதிடும்போது பெரும்பாலும் ஐந்து விடைகள் எழுகின்றன. அறிவியல் முறைப்படி இவற்றைக் கருதுகோள்கள் என்போம். கருதுகோள் என்பது முடிவு அன்று; சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகம்.

1. திட்டம்: தொடக்கம் முதலே அவன் நாயகியை ஏமாற்றத் திட்டமிட்டிருந்தான்.
2. பிறவிக் குணம்: அவன் உருவாக்கப்பட்ட விதமே அப்படி.
3. அவமானம்: அவனை இகழ்ந்ததால் சினங்கொண்டு மாறினான்.
4. உடல்: புதிய உடலில் பொதிந்திருந்த ஏதோ ஒன்று அவனை ஆட்டிவைத்தது.
5. அதிகாரம்: திடீரென்று கிடைத்த அளவற்ற அதிகாரம் அவன் தலைக்கேறியது.

இவற்றுள் எது சரி என்று கைதூக்கச் சொல்லி எண்ணிப் பார்ப்பது பயன் தராது. ஒவ்வொன்றையும் பார்த்து, "நீ உண்மையானால் நான் எதைக் காண வேண்டும்? எதைக் காணக் கூடாது?" என்று கேட்க வேண்டும்.

எடையற்ற சான்றுகள்

முதலில் திட்டம். இதை ஆதரிப்பவர்கள், "அவனுக்கு நாயகியின் உதவி தேவைப்பட்டது, அதனால்தான் நல்லவன் போல் நடந்துகொண்டான்" என்கிறார்கள். எதிர்ப்பவர்கள், "தண்டவாளத்தை விட்டு இறங்கினால் செத்துப்போவாய் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள், அப்படியும் அவன் இறங்கினானே!" என்கிறார்கள்.

இரண்டு வாதங்களும் நம்மை எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை. அவன் உண்மையான தோழனாக இருந்தாலும் இறங்கியிருப்பான். வஞ்சகனாக இருந்தாலும் தப்பிக்க வேண்டும் என்பதற்காக இறங்கியிருப்பான். இரு கருதுகோள்களுக்கும் ஒரே அளவில் பொருந்தும் சான்று, தராசின் இரு தட்டுகளிலும் வைத்த சம எடை போன்றது. முள் அசையாது.

முள்ளை அசைக்கும் சான்று எது? மைய உடலைப் பெற்றவுடன் வீட்லி செய்த முதல் வேலையைக் கவனியுங்கள். அவன் நாயகிக்காக லிஃப்டை வரவழைத்தான். அவள் ஏறினாள். லிஃப்ட் மேலே புறப்படவும் செய்தது. முன்கூட்டியே திட்டமிட்ட வஞ்சகன் லிஃப்டை ஏன் வரவழைக்க வேண்டும்? அப்போது அவனுக்கு அவளுடைய உதவி எதுவும் தேவையில்லை. ஆகவே, திட்டம் என்ற கருதுகோள் இங்கு வலுவிழக்கிறது.

எல்லாவற்றையும் விளக்கும் விளக்கம்

அடுத்தது பிறவிக் குணம். வீட்லியைப் பற்றிய ஓர் உண்மையைக் கிளாடோஸ் வெளிப்படுத்துகிறாள். முன்னொரு காலத்தில், அவளுடைய அறிவு வேகத்தைக் குறைப்பதற்காகப் பொறியாளர்கள் ஓர் உருண்டையை அவளோடு பொருத்தினார்களாம். மோசமான யோசனைகளை இடைவிடாமல் அவள் காதில் ஓதிக்கொண்டிருப்பதே அதன் பணி. அந்த உருண்டைதான் வீட்லி!

"அப்படியென்றால் விளங்கிவிட்டது. அவன் மோசமான யோசனைக்கென்றே பிறந்தவன்" என்று பலர் இங்கேயே வாதத்தை முடித்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, மோசமான யோசனை வேறு, தீய எண்ணம் வேறு. வழி தவறிப் போகிறவன் எல்லாம் வழிப்பறி செய்கிறவன் ஆகிவிடுவதில்லை. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. நாயகியை விட்டுவிட்டிருந்தால், "நல்ல ஆள் ஒருத்தியை விட்டுவிட்டான், மோசமான யோசனை" என்போம். விடாமல் நிறுத்தியதையும், "மோசமான யோசனை" என்கிறோம். எது நடந்தாலும் பொருந்தும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை. நாளை மழை பெய்யலாம், பெய்யாமலும் இருக்கலாம் என்ற வானிலை அறிவிப்பு ஒருநாளும் பொய்க்காது. அதை நம்பி ஒருவரும் குடை எடுத்துச் செல்லவும் முடியாது.

முன்பின் பார்த்தல்

மூன்றாவது அவமானம். இதை ஆதரிப்பவர்களே மிகுதி எனலாம். "நீ ஒன்றும் செய்யவில்லை, எல்லா வேலையையும் செய்தவள் அவள்தான்" என்ற பொருளில் கிளாடோஸ் குத்திக்காட்டுகிறாள். பிறகு அவன் மூடனாகவே வடிவமைக்கப்பட்டவன் என்கிறாள். வீட்லி கொதித்துப் போகிறான். காரணம் தெளிவாகத்தானே இருக்கிறது?

காரணம் என்பது விளைவுக்கு முன்னால் வரவேண்டும். இது இயற்பியலின் அடிப்படைகளுள் ஒன்று. எனவே காட்சியை மீண்டும் ஓட்டி, நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதுவோம்.

முதலில், லிஃப்ட் மேலேறுகிறது.
இரண்டாவது, வீட்லி தன் பேருருவை வியந்து சிரிக்கத் தொடங்குகிறான். இப்போதே போகத்தான் வேண்டுமா என்று கேட்கிறான். லிஃப்ட் நிற்கிறது.
மூன்றாவது, இதையெல்லாம் சாதித்தவன் தானே என்று பெருமை பேசுகிறான்.
நான்காவது, கிளாடோஸ் குத்திக்காட்டுகிறாள்.
ஐந்தாவது, அவன் அவளைப் பழிவாங்குகிறான். பிறகு நாயகியின் பக்கம் திரும்பி, அவள் தன்னலக்காரி, எந்தத் தியாகமும் செய்யாதவள் என்று குற்றஞ்சாட்டுகிறான்.
ஆறாவது, மூடன் என்ற சொல் வருகிறது. அவன் வெறிகொண்டு லிஃப்டைக் குத்துகிறான். அது உடைந்து பாதாளத்தில் விழுகிறது.

லிஃப்ட் நின்றது இரண்டாவது இடத்தில். முதல் அவமானம் நான்காவது இடத்தில். ஆகவே, லிஃப்ட் நின்றதற்கு அவமானம் காரணமாக இருக்க முடியாது. அவன் குற்றஞ்சாட்டியதற்கும், குத்தியதற்கும் அது காரணமாகலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லிஃப்ட் விழுந்தபோது வீட்லியே திடுக்கிடுகிறான். விளைவு நடந்துவிட்டது என்பதாலேயே அந்த விளைவை அவன் கருதினான் என்று சொல்லிவிட முடியாது.

ஒரு நல்ல சோதனை, ஆனால் முழுமையற்றது

இனி எஞ்சியிருப்பவை உடலும் அதிகாரமும். இங்கே கதையே நமக்கு ஒரு சோதனையைச் செய்து காட்டுகிறது. மைய உடலில் இருவர் மாறி மாறி இருந்திருக்கிறார்கள். இருவரும் அதற்கு வெளியிலும் இருந்திருக்கிறார்கள்.

உடலுக்குள் கிளாடோஸ்: நாயகியை வதைக்கிறாள்.
உடலுக்குள் வீட்லி: நாயகியை வதைக்கிறான்.
உடலுக்கு வெளியே கிளாடோஸ்: நாயகியுடன் ஒத்துழைக்கிறாள்.
உடலுக்கு வெளியே வீட்லி: முன்பு உதவுகிறான், கதையின் முடிவில், விண்வெளியில் தூக்கி எறியப்பட்ட நிலையில், தான் செய்ததற்கு வருந்துகிறான்.

ஆள் மாறினாலும் உடலுக்குள் இருந்தால் வதை. வெளியே இருந்தால் நட்பு. குற்றவாளி உடல்தான் என்று தீர்ப்பெழுதக் கை துடிக்கிறதல்லவா? கிளாடோஸும் இதற்கு வலுச் சேர்க்கிறாள். சோதனைகள் நடத்தும்போதெல்லாம் இன்ப உணர்வு தோன்றும்படி அந்த உடல் அமைக்கப்பட்டிருக்கிறது என்றும், நாளடைவில் அந்த இன்பம் மரத்துப்போகும் என்றும் அவள் கூறுகிறாள்.

பொறுங்கள். கிளாடோஸ் உடலுக்கு வெளியே எங்கே இருந்தாள்? வீட்லி அவளை ஓர் உருளைக்கிழங்கு மின்கலத்தில் பொருத்திவிட்டான்! அதிலிருந்து தனக்குக் கிடைப்பது 1.1 வோல்ட் மட்டுமே என்று அவள் புலம்புகிறாள். இந்த எண் வெறும் கற்பனை அன்று. செம்பின் திட்ட மின்முனை அழுத்தம் 0.34 வோல்ட், துத்தநாகத்தினுடையது எதிர்க்குறி 0.76 வோல்ட். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1.10 வோல்ட். உண்மையான உருளைக்கிழங்கில் செம்புத் தகட்டையும் துத்தநாகம் பூசிய ஆணியையும் செருகினால், பெரும்பாலும் 1 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஒற்றைக் கிழங்கினால் ஒரு சிறு சிவப்பு எல்.இ.டி. விளக்கைக்கூட எரிக்க இயலாது. அதற்கு ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும்.

நிலையத்தையே ஆண்டவள் விளக்கெரிக்கவும் வலுவில்லாதவளாகிவிட்டாள். அதாவது, உடலை இழந்தபோதே அவள் அதிகாரத்தையும் இழந்தாள். வீட்லியோ உடலைப் பெற்றபோதே அதிகாரத்தையும் பெற்றான். இரண்டும் எப்போதும் ஒன்றாகவே மாறுகின்றன. அப்படியிருக்க, விளைவு எதனால் வந்தது என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இதே இடர் உண்டு. ஒரு கம்பியின் மின்தடை அதன் நீளத்தையும் குறுக்குவெட்டுப் பரப்பையும் பொறுத்தது. ஒரு மாணவன் கம்பியின் நீளத்தை இருமடங்காக்கி, அதே நேரத்தில் பரப்பையும் இருமடங்காக்கிவிட்டால், மின்தடை சிறிதும் மாறாது. "நீளத்தாலும் பயனில்லை, பரப்பாலும் பயனில்லை" என்று அவன் குறிப்பேட்டில் எழுதினால் எவ்வளவு பெரிய தவறு! ஒன்றை நிலையாக வைத்து மற்றதை மாற்ற வேண்டும் என்று உங்கள் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

உடலையும் அதிகாரத்தையும் முழுவதும் பிரிக்கக் கதை வழி தரவில்லை. ஆயினும், உடலின் ஒரு கூறை மட்டும் நாம் பிரித்தெடுக்கலாம். சோதனை நடத்தும்போது வரும் இன்பம் என்பது, சோதனை நடத்தினால்தான் வரும். லிஃப்டை நிறுத்தியபோது வீட்லி ஒரு சோதனையும் நடத்தியிருக்கவில்லை. ஆகவே, அந்த இன்ப வேட்கை பிற்காலத்தில் அவன் நாயகியை விடாமல் சோதனைக்கு உட்படுத்தியதை விளக்குகிறது. முதல் திருப்பத்தை விளக்கவில்லை. பின்னர், சோதனைகளுக்கென்றே செய்த இரண்டு எந்திர மனிதர்களை அவன் கண்டுபிடிக்கிறான். இனி நாயகி தேவையில்லை என்று அவளைக் கொல்லத் துணிவது அதன் பிறகுதான்.

ஒரே ஓர் எதிர்ச்சான்று

கதையின் முடிவில் வியப்பான ஒன்று நடக்கிறது. கிளாடோஸ் தன் பழைய உடலுக்குத் திரும்புகிறாள். அதே உடல், அதே அதிகாரம். நாயகி மீது அவளுக்குப் பழைய பகையும் உண்டு. ஆனால் நிலவுக்கு வெளியே இழுக்கப்பட்டுச் சென்ற நாயகியை அவள் மீட்டுக் கொணர்கிறாள். பிறகு விடுதலையும் செய்துவிடுகிறாள்.

உடலோ அதிகாரமோ மட்டுமே துரோகத்திற்குப் போதுமான காரணம் என்றால், இது நடந்திருக்கக் கூடாது. ஆயிரம் சான்றுகள் ஆதரித்தாலும், ஒரே ஓர் எதிர்ச்சான்று ஒரு கருதுகோளைத் திருத்திக்கொள்ளும்படி நம்மைக் கட்டாயப்படுத்தும். இந்தச் சான்றையும் நாம் எளிதில் விட்டுவிடக் கூடாது. இடையில் கிளாடோஸ் தன் பழைய வரலாற்றை அறிந்து மாறியிருந்தாள் எனலாம். நாயகியைக் கொல்வது கடினமாக இருப்பதால்தான் அனுப்பிவிடுகிறேன் என்று அவளே ஒரு காரணம் சொல்கிறாள். அந்த இரு எந்திர மனிதர்கள் அவள் வசம் இருப்பதையும் மறக்க வேண்டாம். எப்படிப் பார்த்தாலும் ஒன்று உறுதி. அந்த உடலில் அமர்ந்தவர் யாராயினும் தீங்கு செய்தே தீரவேண்டும் என்ற விதி இல்லை.

கவிழ்த்த கிண்ணமும் கோலியும்

ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் உச்சியில் ஒரு கோலிக்குண்டை நிறுத்துங்கள். இது உறுதியற்ற சமநிலை. மெல்ல ஊதினாலும் குண்டு உருண்டு விழும். அது விழுந்ததற்குக் காரணம் என்ன? ஊதியதா, உயரமா?

ஊதியது தூண்டுதல். ஆனால் குண்டு பெற்ற இயக்க ஆற்றல் ஊதியதிலிருந்து வரவில்லை. உயரத்தில் அது பெற்றிருந்த நிலை ஆற்றலிலிருந்து வந்தது. அதே குண்டு கிண்ணத்தின் உட்குழியில் கிடந்திருந்தால், ஊதியதும் சற்றே அசைந்து பழைய இடத்திற்கே திரும்பியிருக்கும். ஆகவே "எது காரணம்?" என்ற கேள்விக்கு "இரண்டும், ஆனால் வேறு வேறு வகையில்" என்பதே விடை.

வீட்லிக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். திடீர் உயர்வு அவனைக் கிண்ணத்தின் உச்சியில் நிறுத்தியது. அப்போதே அவன் ஆடத் தொடங்கிவிட்டான். லிஃப்ட் நின்றது அதன் அடையாளம். கிளாடோஸின் சொல் அவனைத் தள்ளிவிட்டது. உருளத் தொடங்கிய பிறகு, சோதனை தந்த இன்பம் சரிவை மேலும் செங்குத்தாக்கியது. மாற்று ஆள் கிடைத்ததும் அடித்தடுப்பும் விலகிவிட்டது. நாம் ஒரே சொல்லில் 'துரோகம்' என்று அழைத்தது உண்மையில் நான்கு படிகள். ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு காரணம். வாதிடுவோர் பெரும்பாலும் நான்கு படிகளுக்கும் ஒரே காரணத்தைத் தேடுவதால்தான் வாதம் முடிவதில்லை.

சாட்சிகளைப் பற்றி ஒரு சொல்

உடலில் வேட்கை பொதிந்திருப்பதாகச் சொன்னவள் கிளாடோஸ். அதைச் சொன்ன நேரத்தில் அவளுக்கு நாயகியின் உதவி தேவை.  வீட்லி வருந்தியதோ, எல்லாவற்றையும் இழந்த பிறகு. இதனால் இருவரும் பொய் சொன்னார்கள் என்று ஆகிவிடாது. ஆனால் அளவுகோலே வளைந்திருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்து அளவெடுக்க வேண்டும். சொல்லைவிடச் செயலுக்கு அதிக மதிப்புக் கொடுப்பது நல்ல வழி.

நம் கண்ணில் உள்ள குறை

அளவுகோலில் மட்டுமன்று, அளப்பவர் கண்ணிலும் குறை உண்டு. 1967ஆம் ஆண்டில் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்து, எழுதியவருடைய உண்மையான கருத்து என்ன என்று கேட்டனர். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவருடைய விருப்பமன்று, பிறர் இட்ட கட்டளை என்று சொல்லப்பட்ட நிலையிலும், ஆதரித்து எழுதியவரை உண்மையிலேயே ஆதரவாளராகக் கருதும் போக்கு மாணவர்களிடம் காணப்பட்டது.

ஒருவருடைய செயலுக்கு அவருடைய குணத்தையே காரணமாக்கி, அவர் அகப்பட்டிருந்த சூழ்நிலையைக் குறைத்து மதிப்பிடும் இந்தப் பழக்கத்திற்கு, 1977ஆம் ஆண்டில் லீ ராஸ் என்ற உளவியலாளர் ஒரு பெயரே சூட்டினார். 'அடிப்படைக் காரணப் பிழை' என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம். பிறர் தாமதமாக வந்தால் "சோம்பேறி" என்கிறோம். நாம் தாமதமாக வந்தால் "பஸ் வரவில்லை" என்கிறோம். வீட்லியை "பிறவியிலேயே அப்படி" என்று முடித்துவிடுபவர்கள், அவன் நின்ற இடத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. "சூழ்நிலைதான் எல்லாம், அவன் மேல் குற்றமே இல்லை" என்பது அது. கிளாடோஸ் அதே இடத்தில் அமர்ந்து நாயகியை விடுவித்தாள் என்ற எதிர்ச்சான்று இதற்குப் போதிய மறுப்பு. ஒரு செயலை விளக்குவது வேறு. அதை மன்னிப்பது வேறு. குண்டு ஏன் உருண்டது என்று தெரிந்துகொள்வதால், அது உடைத்த கண்ணாடி ஒட்டிக்கொள்வதில்லை.

உங்கள் வகுப்பறையில்

இது விளையாட்டோடு நின்றுவிடும் செய்தி அன்று. நேற்றுவரை உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பன் வகுப்புத் தலைவனாகிறான். இரண்டு வாரத்தில் உங்கள் பெயரையே கரும்பலகையில் எழுதுகிறான். உடனே உங்கள் மனம் "இவன் எப்போதுமே இப்படித்தான், பழகியதெல்லாம் நடிப்பு" என்று தீர்ப்பெழுதும். அந்தத் தீர்ப்பினால் ஒரு நட்பு முறிந்துபோகலாம்.

தீர்ப்பெழுதுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, நடந்தவற்றை வரிசையாக எழுதுங்கள். அவன் தலைவனானது எப்போது? முதலில் மாறியது எது, அவன் பேச்சா, செயலா? "ஆசிரியருக்கு வால்பிடிக்கிறான்" என்று யாரேனும் கேலி செய்தது அதற்கு முன்பா, பின்பா? அந்தக் கேலியில் உங்கள் குரலும் இருந்ததா? அவனுடைய இடத்தில் இதற்கு முன் இருந்தவரும் இப்படித்தான் நடந்துகொண்டாரா? எந்த ஒரு செய்தி தெரியவந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை இல்லை என்றால், நீங்கள் வைத்திருப்பது கருதுகோள் அன்று, கோபம்.

எழுதி முடித்த பிறகும் அவன் செய்தது தவறு என்றே தோன்றலாம். அதில் பிழையில்லை. ஆனால் அப்போது எந்தப் படியில் அவனிடம் பேசியிருக்கலாம், இனி எந்தப் படியில் பேசலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். லிஃப்ட் நின்றதற்கும் விழுந்ததற்கும் இடையே சில நிமிடங்கள் இருந்தன அல்லவா?

பட்டிமன்றத்தில் நடுவர் மணியடித்துத் தீர்ப்பு வழங்கிவிடுவார். அறிவியலில் அப்படிப்பட்ட மணி இல்லை. புதிய சான்று வரும்போதெல்லாம் வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரும். வீட்லியின் வழக்கில் நான் கண்ட நான்கு படிகளை மறுக்கும் சான்று உங்களிடம் இருக்கலாம். அதிகாரத்தையும் உடலையும் பிரித்துக் காட்டும் ஒரு காட்சியை நீங்கள் கவனித்திருக்கவும் கூடும். இருந்தால் எழுதுங்கள்.

செய்து பாருங்கள்

1. உருளைக்கிழங்கு ஒன்றில் செம்புக் கம்பியையும் துத்தநாகம் பூசிய ஆணியையும் ஒன்றையொன்று தொடாமல் செருகி, வோல்ட்மானியால் அளவெடுங்கள். இரண்டு கிழங்குகளைத் தொடரிணைப்பில் இணைத்து மீண்டும் அளவெடுங்கள். சிவப்பு எல்.இ.டி. ஒளிர எத்தனை கிழங்குகள் தேவைப்படுகின்றன? (சோதனைக்குப் பயன்பட்ட கிழங்கைச் சமையலுக்குக் கொடுக்காதீர்கள், துத்தநாகம் அதில் கரைந்திருக்கும்.)

2. நீங்கள் படித்த கதை ஒன்றில் வரும் துரோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கருதுகோள்களை எழுதி, ஒவ்வொன்றையும் கைவிடச் செய்யும் ஒரு சான்று எதுவாக இருக்கும் என்றும் எழுதுங்கள். அதன்பின் கதையை மீண்டும் படித்து, அச்சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். சான்றைத் தேடுவதற்கு முன்பே எழுதி வைப்பது முக்கியம்.